ரகீம் பாய் வண்டியைவிட ஒரு விரல் உயரம்

ரகீம் பாய் போய்விட்டார் என்ற செய்தி மண்டித் தெருவில் எனக்குத்தான் கடைசியாக வந்தது. டீக்கடைக்காரர் முதல் மூட்டை தூக்குகிறவர்கள் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்னிடம் யார் சொல்வது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கடைசியில் பக்கத்து வெல்ல மண்டிக்காரர் வந்து, "பாய் காலைல தொழுதுட்டு வந்து சேர்ல ஒக்காந்தாராம். டீ எடுத்துக்கினு வந்து பாத்தா உசுரு இல்ல" என்றார். ஆஸ்பத்திரி இல்லை, ஊசி இல்லை, ஒரு நாள் படுக்கை இல்லை. இப்படி ஒரு சாவும் இந்த மனுஷனுக்கே வாய்த்ததா என்றுதான் முதலில் நினைத்தேன். துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவரையும் என்னையும் அறிந்த கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இருவரும் கல்வராயன் மலைச் சரக்கு வாங்கி விற்றவர்கள். சாமை, கடுக்காய், புளி, தேன். எதிரெதிர்க் கடை. அவர் கடையில் கூட்டம் சேர்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. மலையிலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் அவர் கடை வாசலில் படுப்பார்கள். அவர் சாக்கு விரித்துக் கொடுப்பார். நான் ஜமக்காளமே விரித்துப் பார்த்தேன். என் ஜமக்காளத்தைத் தாண்டிப் போய் அவருடைய சாக்கில் படுத்தார்கள். அப்படிப்பட்ட என்னிடம் வந்து, "அத்தாவ பத்தி நீங்கதான் எழுதணும் மாமா" என்று அவர் மகள் கேட்டாள். அவரை இத்தனை வருஷம் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிமலையைத் தாண்டி மண் பாதையில் ஏறினால் ஒரு சிறிய ஊர். சாமை அறுத்துக் களம் சேர்ந்ததும் அந்த ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் ஒரு நாள் குறிப்பார். அன்று எந்த வியாபாரியின் வண்டி முதலில் வந்து ஊர்ப் பொதுவில் நிற்கிறதோ, அதன் முன் சக்கரத்தில் ஊர்க்கவுண்டர் வீட்டுப் பெண்கள் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பொட்டு வைப்பார்கள். அந்த வருஷத்துச் சாமை முழுவதும் அந்த வண்டிக்குத்தான். பின்னால் வருகிறவன் எவ்வளவு விலை கூட்டிச் சொன்னாலும் பேச்சு கிடையாது. வருஷா வருஷம் அந்தப் பொட்டு ரகீம் பாயின் ஜீப்புக்கே போயிற்று. அவர் அதைத் துடைக்காமல் அப்படியே கொண்டுவந்து பள்ளிவாசல் தெருவில் நிறுத்துவார். யாரோ ஒருவர் இதென்ன என்று கேட்டதற்கு, "டயரு என்னுது, பொட்டு அவுங்களுது. அதுல இன்னா சண்ட?" என்றார். இப்படி ஒரு பதில் எனக்குத் தோன்றியிருக்காதே என்று அதற்கும் வயிறெரிந்தேன்.

இட ஒதுக்கீடு கேட்டு நம் பக்கமெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒரு வருஷம் மழை பிடித்துக்கொண்டது, மலைப் பாதை சேறாகிவிட்டது. பாய் சேலத்துக்குப் போய்ப் பெரிய டயர் மாட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஜீப்புகளோடு வந்தது, டயர் கடைகளில் அறுநூறு அளவு என்று சொல்கிற ஒல்லி டயர். அவர் போட்டது எழுநூறு. ஒரு சுற்று பெரியது. உட்கார்ந்திருந்த வண்டி எழுந்து நின்ற மாதிரி இருந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போன நேரம் பார்த்து, கடையிலிருந்து சணல் கயிறு எடுத்துக்கொண்டு போய் அவர் டயரைச் சுற்றி அளந்தேன். ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை நழுவியது. திடீரென்று நழுவாமல் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் பாய், தொப்பியைக்கூடக் கழற்றாமல், அந்த முனையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"நான் புடிச்சிக்கிறேன், நீங்க சுத்துங்க நைனார்பாளையத்தாரே." என் சொந்த ஊரைச் சொல்லித்தான் அவர் என்னைக் கூப்பிடுவார்.

"சும்மா, சணல் எம்மாம் நீளம் இருக்குதுன்னு பாத்தேன் பாய்" என்றேன்.

"பாருங்க, பாருங்க. ஆனா ஒண்ணு. இன்னா டயரு போடலாம்னு என் வண்டிய கேக்காதீங்க. உங்க வண்டிய கேளுங்க."

நான் தன்னைவிட உயர்ந்துவிடுவேன் என்று பயப்படுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். சேலத்துக் கடையில் கயிற்றை நீட்டி, "இதவிட ஒரு விரல் ஒசரமா குடுங்க" என்றேன். எழுநூற்றைம்பது கொடுத்தார்கள். அதற்குத் தகுந்த அகலமான சக்கரமும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. டயர் வாங்குகிறவர்கள் பாதையைப் பார்ப்பார்கள், ஏற்றப்போகிற சுமையைப் பார்ப்பார்கள், இஞ்சினைப் பார்ப்பார்கள். நான் ரகீம் பாயைப் பார்த்து வாங்கினேன். மட்கார்டை வெட்டி இடம் செய்தோம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் ஸ்பிரிங் பட்டையில் போய் உரசியது. அதனால் என்ன? மண்டித் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியபோது, பக்கத்தில் அவர் வண்டி குட்டியாகத் தெரிந்தது. வெகு நாளைக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஊர்க்கவுண்டர் நாள் குறித்தனுப்பினார். சாலைகளில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் நடந்த வாரம் அது. பஸ் இல்லை, லாரி இல்லை. ஆனால் கீழே நடப்பதற்காக மலையில் குறித்த நாள் மாறாது. விடிந்ததும் இரண்டு ஜீப்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. கச்சிராயப்பாளையம் சாலையில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது.

"ரோட்டுல ஒரு வண்டியும் போவக் கூடாதுங்க" என்றார் அங்கே நின்றவர்களில் ஒருவர். "எங்க புள்ளைங்களுக்கு படிப்புல, வேலைல எடம் கெடைக்கட்டும். அப்பறம் போங்க."

"ரோட்டுல போவலப்பா" என்றார் பாய். "கொல்லையில எறங்கி போய்க்கிறோம். உங்க மறியலுக்கு ஒரு கொறையும் வராது."

அவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒருவர் முன்னால் நடந்து வேலியில் சந்து இருக்கும் இடத்தைக் காட்டினார். இதையே நான் சொல்லியிருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

கொல்லைக்கு நடுவே உயர்ந்த வரப்பு. முன்னால் போன பாய் வண்டியின் வயிறு அதில் உட்கார்ந்துகொண்டது. சக்கரங்கள் சும்மா சுற்றின. நான் பக்கத்திலேயே ஏறி இறங்கினேன். ஒரு விரல் உயரம் அங்கே வேலை செய்தது. ஹாரன் அடித்துவிட்டுத்தான் போனேன். அந்தச் சந்தோஷத்தை யார் என்ன கொடுத்தாலும் இன்றைக்கும் விட்டுத்தர மாட்டேன்.

கோமுகி அணையைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் சந்தோஷம் குறைந்தது. பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். அந்த ஒரு சுற்றைச் சுற்ற இஞ்சினுக்கு அதிக தெம்பு வேண்டும். என் பழைய இஞ்சினுக்கு அது இல்லை. நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கிற லிவரும் என் வண்டியில் வெகு நாளாக விழாது. வளைவுகளில் டயர் உரசியதால் முன்னும் பின்னுமாகப் போய்த்தான் திரும்ப முடிந்தது. வெள்ளிமலைக்கு மேலே கடைசி ஏற்றத்தில் கிளட்ச் கருகுகிற நாற்றம் வந்தது. வண்டி நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் பின்னால் பாய் வண்டியின் சத்தம் கேட்டது.

ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். விலக இடமில்லை. பாய் வேட்டியெல்லாம் கொல்லைச் சேற்றோடு இறங்கி வந்து பார்த்தார். டயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பஸ்டு கியர்ல போட்டு வைங்க. பிரேக்க மட்டும் மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய், தன் வண்டியின் பம்பரை என் வண்டியின் முதுகில் வைத்து அழுத்தினார். தகரம் நெளிகிற சத்தம் கேட்டது. ஏற்றம் முழுவதும் தள்ளிக்கொண்டே வந்தார்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் பாதை மைதானமாக அகலும். அங்கே ஒடித்து என்னைத் தாண்டியிருக்கலாம். கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாண்டவில்லை. மஞ்சள் தண்ணீர் என் டயரில் விழுந்தது. அந்த வருஷத்துச் சாமை எனக்கு.

"அங்க எடம் இருந்துச்சே, ஏன் பாய் முந்தல?" என்று கேட்டேன்.

"தள்ளிக்கினு வந்தேனா, அந்த பழக்கத்துல அப்டியே வந்துட்டேன்" என்றார்.

அது பெருந்தன்மையா, கேலியா, நிஜமாகவே பழக்கமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நான் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஊர் முழுவதும் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. எப்படித் தள்ளினீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டார்கள். முதலில் வந்தவன் நான், அவர்கள் கண் முழுக்க அவர்மேல். ஊர் திரும்பியதும் நானும் எழுநூறு டயருக்கு மாறினேன். "இப்பதான் சண்ட சமம்" என்றார் பாய். அதற்குப் பிறகும் அநேகமாக அவரே முந்தினார்.

பிறகு மலைக்குத் தார்ச்சாலை வந்தது. லாரியே மேலே போயிற்று, சக்கரப் பொட்டும் நின்றுபோயிற்று. அவர் தன் ஜீப்பை விற்கவில்லை. அவர் விற்காதபோது நான் எப்படி விற்பேன்?

அடக்கத்தன்று மலையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். என் டயரில் மஞ்சள் தண்ணீர் விழுந்த வருஷம் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் புது மருமகளாக இருந்த அம்மாளுக்கு இப்போது தலையெல்லாம் நரை. கையில் செம்பு வைத்திருந்தார். எல்லாம் முடிந்தபின் பாயின் மகளிடம் கேட்டு, கொட்டகையில் காற்றிறங்கி நின்ற ஜீப்பின் முன் சக்கரத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பொட்டு வைத்தார். மகள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. கலங்கிக்கொண்டே, செத்த பிறகும் இந்தத் தண்ணீர் இவருக்குத்தானா என்று இருந்தது.

அந்தம்மா என்னிடம் வந்தார். "உங்க வண்டி எங்க நிக்குது மொதலாளி?"

செம்பில் இன்னும் தண்ணீர் இருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முன்னால் ஓடிப்போய் என் கொட்டகைக் கதவைத் திறந்தேன். முன் சக்கரத்தில் அப்பியிருந்த தூசியை என் துண்டாலேயே துடைத்துவிட்டு விலகி நின்றேன்.

அந்தம்மா முன் சக்கரத்தைத் தாண்டிப் போனார். வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் வந்து குனிந்தார். பம்பர் அழுத்தி நெளிந்த தகரத்தைக் கையால் தடவி, "பாய் தள்ளுன எடம் இதானுங்களே" என்றார். மிச்சத் தண்ணீரை அங்கே ஊற்றிப் பொட்டு வைத்தார்.

அந்த நெளிவை நான் ஒரு நாளும் தட்டி எடுத்ததில்லை. ரகீம் பாயிடமிருந்து எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். தகரம் என்னுடையது. பொட்டு அவருடையது.