கோமதி மேடத்துக்காக ஒரு ஜெபம்

1. பஜ்ஜி நீட்டிய கை

ஆன்லைன் செஷன் தொடங்கும்போது கிளையண்டிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்டாக வேண்டும். அன்றும் கேட்டேன்.

"நீங்க இப்ப தனியா இருக்கீங்களாம்மா?"

"தனியாதான் இருக்கேன் மேடம்," என்றாள் மலர்.

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, இரண்டு வாழைக்காய் பஜ்ஜி வைத்த தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு மறைந்தது.

"அது யாரும்மா?"

"எது மேடம்?"

பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் கவுன்சலராக நான் தலை நரைத்தவள். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். மலர் என்பது மாற்றுப் பெயர். எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்க மேடம், பஜ்ஜிய மட்டும் விட்டுடாதீங்க," என்று அனுமதி கொடுத்தாள்.

மலர் உளவியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. கேமரன் மலையில், கம்போங் ராஜாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். அப்பா சாமுவேல் கொழுந்து லோரி ஓட்டுகிறார். வகுப்பில் எழுந்து பிரசன்டேஷன் செய்யச் சொன்னால் மலருக்குக் கை நடுங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு முட்டும். கடைசியாக நடந்ததில் பாதியில் வெளியே ஓடிப்போய்க் கழிப்பறையில் பூட்டிக்கொண்டாள். அன்று அவள் பேச வேண்டிய தலைப்பு, 'பதற்றத்தைக் கையாள எளிய வழிகள்'.

அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்தாள். கொஞ்சம் தேறி வரும்போது செமஸ்டர் விடுமுறை விட்டுவிட்டார்கள். அடுத்த செமஸ்டருக்குப் பாடங்களைப் பதிவு செய்யாமல் படிப்பையே விட்டுவிடுவது என்று பாதி முடிவோடு ஊருக்குப் போனாள். வீட்டில் மூச்சு விடவில்லை. விடவும் முடியாது. சாமுவேல் தோட்டம் பூராவும், "என் மக மனசு டாக்டருக்குப் படிக்குது," என்று சொல்லி வைத்திருந்தார். மேனேஜராக வந்த புது துரையிடம்கூடச் சொல்லியிருந்தாராம்.

விடுமுறையிலும் செஷனை நிறுத்தக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அவர்கள் வீட்டில் போன் லைன் எடுக்காது. அந்தத் தோட்டத்தில் லைன் ஒழுங்காக நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், கொழுந்து நிறுக்கிற கொட்டகை. அதனால் மலரின் மனப்பாரத்தைப் பச்சைக் கொழுந்து மூட்டைகளுக்கு நடுவில்தான் இறக்க வேண்டியிருந்தது. பின்னால் மூட்டை மேல் ஒரு நேப்பாளத் தொழிலாளி உட்கார்ந்திருந்தார். தமிழ் ஒரு சொல் தெரியாதவர் என்று மலர் சத்தியம் செய்தாள். ஆனால் நான் பேசியதற்கெல்லாம் அவர் தலையாட்டினார். சில இடங்களில் மலரைவிட நன்றாகவே ஆட்டினார்.

செஷன் முடியும் நேரத்தில் திரை முழுக்க ஒரு முகம் வந்து அடைத்தது. பஜ்ஜிக் கையின் சொந்தக்காரி, மலரின் அப்பாவுக்கு அக்கா, ஞானம் அத்தை.

"சாப்டிங்களாம்மா? மொகமெல்லாம் வாடிப்போயி கெடக்கே! ஒன்னும் யோசிக்காதீங்க. எல்லாம் சரியாப் போயிரும்லா."

மலைக்காரர்களுக்கு மனசு பெரிசு என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

2. கோசு வந்த லோரி

அடுத்த வாரம் கேட்டிலிருந்து காவலர் போன் செய்தார். எனக்கு லோரி வந்திருக்கிறதாம். வாழ்க்கையில் எனக்குக் கடிதம் வந்திருக்கிறது, கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது, லோரி வந்ததில்லை.

போய்ப் பார்த்தால், திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே சந்தைக்குப் போகிற லோரி. டிரைவர் ஒரு மூட்டை கோசையும் ஒரு கட்டு சாமந்தியையும் இறக்கி வைத்துவிட்டு, லோரி இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார்.

"மனசு சரியில்லாம இருக்கிற கோமதி மேடம் நீங்கதானா?"

கேட்டருகே பஸ்ஸுக்கு நின்ற மாணவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் என் கிளையண்டுகள்.

"யாருப்பா சொன்னது?"

"தோட்டத்து ஞானம் அத்தைதான் கொடுத்து விட்டாங்க. கோசு சூப்பு வச்சிக் குடிக்கச் சொன்னாங்க. போன ஞாயித்துக்கிழம வீட்டு ஜெபத்துல ஒங்களுக்காக எல்லாரும் முட்டி போட்டாங்களாம். கங்காணி அழுதுட்டாராம் மேடம்!"

தோட்டத்துக் கிறிஸ்துவக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வது வழக்கம். ஜெபத்துக்கு முன்னால், யாருக்கு என்ன கஷ்டம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அதற்கு ஜெபக் குறிப்பு என்று பெயர். அதில் ஏறிய பெயர் அடுத்த வாரத்துக்குள் கம்போங் ராஜா முழுக்க இறங்கிவிடும்.

மூட்டையைப் பார்த்ததும் எங்கள் பிரிவின் தலைவி புவான் ரொஹானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கோமதி, கிளையண்ட் குடும்பத்துக்கிட்ட பரிசு வாங்கக் கூடாது. விதி தெரியும்தானே?"

"புவான், இது பரிசு இல்ல. எனக்கு மருந்து."

அடுத்த செஷனில் மலரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"பிராக்டிக்கல் பரீட்சைன்னு வீட்டுல சொல்லிட்டேன் மேடம். நான் கவுன்சலர், நீங்க பேஷண்ட்."

"போன வாரம் நீ அரை மணி நேரம் அழுதியே, அதுக்கு என்ன சொன்ன?"

"ஒங்க கஷ்டத்தக் கேட்டுத் தாங்க முடியலன்னு..."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. நான் பேஷண்ட் இல்லை என்று வாயைத் திறந்தால், பிறகு யார் பேஷண்ட் என்ற கேள்வி வரும். கிளையண்டின் ரகசியத்தைக் காப்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஆக விதியை மீறாமல் நடக்க வேண்டுமானால், நான் மனசு சரியில்லாதவளாகவே இருந்தாக வேண்டும். இருந்தேன். ஞானம் அத்தை திரையில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

வாரம் போகப் போக நான் தேறி வருவதாகத் தோட்டத்தில் பேச்சு எழுந்தது. மலருக்குக் கைராசி என்றார்கள். கொட்டகை வாசலில் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஒருத்தி புருஷனின் குறட்டைக்கு வழி கேட்டாள். இன்னொருத்தி முட்டையிடாத கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, "இதுக்கும் மனசுலதான் என்னமோ இருக்கு, பேசிப் பாரு மலரு," என்றாள். மலர் சிரித்துக்கொண்டே இதையெல்லாம் என்னிடம் சொல்வாள். கடைசியில் குரல் உடைந்துவிடும்.

"எல்லாரும் என்னை நம்புறாங்க மேடம். நான் ஓடி வந்தவன்னு தெரிஞ்சா அப்பா மொகத்த எங்க வச்சிக்குவாரு?"

பதிவு செய்ய ஒரு வாரம்தான் மிச்சமிருந்தது. அப்போது அவளே ஒரு வழி சொன்னாள். வீட்டு ஜெபத்தில், எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவாள். ஆனால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். புவான் ரொஹானாவிடம் கேட்டேன்.

"போயிட்டு வா. ஆனா பேச வேண்டியது அந்தப் பொண்ணு. நீ வாயத் தொறக்காதே."

3. நடுவில் போட்ட நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை கோலா தெர்லா தாண்டி, காய்கறி லோரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து தோட்டம் போய்ச் சேர்ந்தேன். சாமுவேல் லயத்து வீட்டு வாசலில் நின்றிருந்தார். பேஷண்ட் என்று என்னைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். எல்லாரும் பாயில் உட்கார்ந்திருக்க, நட்டநடுவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அது எனக்கு.

மலர் எழுந்தாள். வாயைத் திறந்தாள். கை நடுங்கத் தொடங்கியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் பதிலாகச் சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் அது என் வாயிலிருந்து வரக்கூடாத பேச்சு.

ஜெபத்தை நடத்துகிறவர் தேவசகாயம் கங்காணி. அதிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்து விடுகிறவர். அவருக்குப் பொறுமை கிடையாது.

"நீ ஒக்காரு மலரு. மொதல்ல பேஷண்டு பேசட்டும். சொல்லுங்கம்மா, ஒங்களுக்கு என்னா கஷ்டம்?"

எல்லாக் கண்களும் என் மேல். எதையாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஆனா பயமா இருக்கும். மறுநாள் யாரு என்ன கஷ்டத்தோட வருவாங்களோன்னு. போன் அடிச்சா நெஞ்சு திக்குங்குது. யாருகிட்டயும் சொன்னதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அது பொய் இல்லை என்று எனக்கே உறைத்தது.

"இதுக்கா இப்படி ஒடஞ்சி போயிட்டீங்க?" என்று ஞானம் அத்தை முந்திக்கொண்டார். "எனக்கு லிப்டுல ஏறுனா உசுரு போயிரும். ஈப்போ ஆஸ்பத்திரியில ஆளப் பாக்கப் போயி எட்டு மாடி படியேறுனேன். மேல போனா, டாக்டரு எனக்கே பிரஷர் பாத்தாரு!"

"அதெல்லாம் ஒரு கஷ்டமாலா?" என்றார் கங்காணி. அடுத்தவர் தன்னை மிஞ்சுவது அவருக்குப் பிடிக்காது. "நான் இன்னிக்கும் பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி மூனு தடவ கக்கூசுக்குப் போவேன். ஏன்? பேரு கூப்புடணும்ல! நாப்பது பேரு மொகத்தப் பாத்தா வயித்தக் கலக்குது. கிராணிக்குக்கூட தெரியாது."

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அதே பாயில், கங்காணிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். "இப்ப தெரிஞ்சிருச்சி," என்றார்.

வீடே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் மலரின் குரல் கேட்டது. நடுங்கித்தான் வந்தது, ஆனால் வந்தது.

"பேஷண்டு அவங்க இல்ல. நாந்தான்."

சிரிப்பு நின்றது. மலர் நிறுத்தவில்லை. வகுப்பிலிருந்து ஓடியது, கழிப்பறையில் பூட்டிக்கொண்டது, படிப்பை விட நினைத்தது, கொட்டகையில் அழுதது தன் கஷ்டத்துக்குத்தான் என்பது, எல்லாவற்றையும் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. இரண்டு முறை நின்றேபோனாள். ஆனால் ஓடவில்லை.

"அப்ப நாங்க அனுப்புன கோசு?" என்றார் ஞானம் அத்தை.

"சூப்பு வச்சேன்," என்றேன்.

சாமுவேல் எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். மலரின் முகம் வெளுத்தது. என்னை நம்பித்தானே இந்தப் பிள்ளை வாயைத் திறந்தாள் என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் சாமுவேல் திரும்பி வந்தார். கையில், பக்கத்து வீட்டிலிருந்து தூக்கி வந்த இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி. அதை என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டுத் துண்டால் துடைத்தார்.

"ஒக்காரும்மா," என்றார் மகளிடம். "அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

மலர் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். கங்காணி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கண்களை மூடிக் கைகளை உயர்த்திவிட்டார்.

"ஆண்டவரே! ஏழு வாரமா ஒம்மகிட்ட ஆளு மாத்திச் சொல்லிட்டோம். எங்க மேல கோவிச்சிக்காதீரும். கோமதி மேடத்துக்குக் கேட்டதையெல்லாம் அப்படியே எங்க மலரு கணக்குல மாத்திக் குடுத்துரும்."

"ஆமென்," என்றார்கள் எல்லாரும். வாசலில் நின்ற நேப்பாளத் தொழிலாளிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

ஜெபம் முடிந்ததும் ஞானம் அத்தை கங்காணியைப் பிடித்துக்கொண்டார். "மாத்துறது சரிதான்யா. மேடம் பேரையும் எடுத்துடாத. ஊரு கஷ்டமெல்லாம் அவங்க கேக்குறாங்க. அவங்களுது யாரு கேப்பா?"

மலர் பாடங்களைப் பதிவு செய்தாள். அடுத்த செமஸ்டரில் அவள் செய்த பிரசன்டேஷன் ஒன்றும் பிரமாதமில்லை என்று அவளே சொன்னாள். கை நடுங்கியதாம், ஆனால் கடைசி வரை நின்றாளாம். வகுப்புக்குப் போவதற்கு முன்னால் மூன்று முறை கழிப்பறைக்குப் போய் வந்ததாகவும், கங்காணிக்குச் சொல்லி அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். கேட்கிறவருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். தோட்டத்திலிருந்து திரும்பிய வாரமே, எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்கும் ஒரு கவுன்சலரிடம் நேரம் கேட்டு வாங்கினேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆன்லைனில் முதல் செஷனுக்கு உட்கார்ந்தேன். என் காலடியில், அன்று காலை லோரியில் வந்த கோசு மூட்டை.

திரையில் தெரிந்த அந்த இளம் கவுன்சலர் விதிப்படி முதல் கேள்வியைக் கேட்டாள்.

"நீங்க இப்ப தனியா இருக்கீங்களா மேடம்?"

ஆமாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு "இல்லம்மா" என்றுதான் வாயில் வந்தது.