ரவிக்கு இடப்பக்கம் யார்?

வரிசைக் கணக்கு சொல்லிக் கொடுப்பது, பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்களைக் கல்யாணப் பந்தியில் உட்கார வைப்பது போன்ற தொழில்; யார் பக்கத்தில் யார் இருக்கக் கூடாது என்பதுதான் முக்கால்வாசி வேலை. நுழைவுத் தேர்வில் 'ரவிக்கு இடப்பக்கம் மூன்றாவதாக இருப்பவர் யார்?' என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டு அந்த ரவியைச் சபித்தவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி. தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியறையில், எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு ரவியை உட்கார வைக்கச் சொல்லித் தருவதுதான் என் பிழைப்பு.

எது இடது?

கரும்பலகையில் படம் போட்டும் புரியவில்லை என்றார்கள். ஆறு பேரை முன்பெஞ்சில் உட்கார வைத்தேன். எதிரில் நின்றுகொண்டு, "ரவிக்கு இடப்பக்கம் சுதா" என்று என் இடது கையை நீட்டினேன்.

ரவியாக உட்கார்ந்திருந்தவன் சஜின். என்ஜினீயரிங் முடித்துவிட்டு அப்பாவின் டைல்ஸ் கடையில் நிற்கிறவன். நான் காட்டிய திசையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "மிஸ், ஒருக்கா எங்க பெஞ்சுல வந்து இருந்து பாருங்க. இங்க இடது மத்தப் பக்கம்லா கெடக்கு."

மூன்றாவது டாக்டர்

வகுப்பில் ஷைனி அக்கா மட்டும் என்னைவிட மூத்தவர். குவைத்தில் பல வருடம் நர்ஸ். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க லீவில் வந்தவருக்குத் திரும்பிப் போக மனசில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்தால் ஊர்ப்பக்கமே வேலை கிடைக்கும் என்று போன வருடம் தேர்வு எழுதினார். ஒரே ஒரு வரிசைக் கணக்கு அவருடைய நேரம் முழுவதையும் தின்றுவிட்டது. இந்த முறையும் தவறினால் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு மறுபடி விமானம் ஏறவேண்டும்.

ஆறு டாக்டர்கள் வரிசையில் நிற்கும் கணக்கு ஒன்று கொடுத்தேன். ஆறு கோடு போடுங்கள், உறுதியான இடத்தை முதலில் நிரப்புங்கள், சேர்ந்தே நிற்கும் இரண்டு பேரை ஒரு கட்டாக வையுங்கள், 'பக்கத்தில் இல்லை' என்கிற குறிப்பைக் கடைசியில் பாருங்கள் என்றேன். எல்லோரும் முடித்தார்கள். அக்கா மட்டும் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். என்னவென்று கேட்டேன். "சர்ஜன் மூணாவது நிக்காருன்னு வருது மிஸ். எந்த ஆஸ்பத்திரியில சர்ஜன் மூணாவது நிப்பாரு?"

கள்ளன் கணக்கு

அன்றிலிருந்து ஆளை மறந்துவிட்டு, பெயரின் முதல் எழுத்தை மட்டும் போடச் சொன்னேன். அடுத்து, குறுக்குவழி. முழு வரிசையும் கேட்டால் வரிசை கட்டவே வேண்டாம். ஒரு குறிப்பை எடுங்கள். கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் அதற்கு ஒத்துவராதவற்றை அடியுங்கள். மூன்று விடை அடிபட்டால் மிச்சமிருப்பதுதான் சரி.

சஜின் சந்தோஷமாக அடித்துத் தள்ளினான். ஷைனி அக்காவுக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது. "மூணு பேரு கள்ளன்னு தெரிஞ்சா, நாலாமத்தவன் நல்லவன்னு ஆயிருமா மிஸ்?"

பாதியில் விடுவது

மாதிரித் தேர்வுகளில் அக்காவின் தவறு எப்போதும் ஒன்றுதான். வரிசை கூடி வராத கணக்கை விடவே மாட்டார். மற்ற கேள்விகள் தொடாமலே கிடக்கும். ஒருநாள் தனியாக உட்கார வைத்துப் பேசினேன். "அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்தால் என்னக்கா செய்வீங்க? எதை முதல்ல எடுக்கணும்னு முடிவு பண்ணுவீங்க இல்லையா? அதேதான் இங்கயும்" என்றேன். நல்ல உதாரணம் என்று எனக்கே பெருமை.

அக்கா பேனாவை மூடி வைத்தார். "அங்க கஷ்டமான கேஸைத்தான் முதல்ல எடுப்போம் மிஸ்."

வாசலில்

தேர்வு நாகர்கோவிலில். மனசு கேட்காமல் நானும் போய் வாசலில் நின்றேன். சஜின் சிரித்துக்கொண்டே வந்தான். ஷைனி அக்கா கடைசியாக வந்தார். கண் நிறைந்திருந்தது. போன வருடம் போலவே ஆகிவிட்டதோ என்று கேட்கப் பயந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்: "வட்ட மேசையில எட்டுப் பேரு மிஸ். ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன், வரல்ல. விட்டுட்டு மத்ததெல்லாம் எழுதிட்டேன். பாவம், அந்த எட்டுப் பேரும் அங்கேயே நிக்காவ."

களியக்காவிளை பஸ்

திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. சஜினுக்குக் கிடைக்கவில்லை, அடுத்த வருடத்துக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டான். வகுப்பு தொடங்கிய முதல் நாள் அக்கா போனில் கூப்பிட்டார். பின்னால் பஸ் இரைச்சல். மகள் அழாமல் பள்ளிக்கூடம் போனாள் என்றார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டேன். "எங்க மிஸ்? களியக்காவிளை பார்டர் வரைக்கும் நிண்ணுட்டுத்தான் வந்தேன். அதுக்கென்ன, வைகிட்டு கிளாஸ் விட்டதும் வீட்டுக்குப் போயிருவேன்லா."

ஆறு பேரை வரிசையில் நிறுத்த ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிற எனக்கு, ஆறே ஆறு பேரைக் காலை ஒன்பது மணிக்கு வகுப்புக்கு வரவைக்கும் வழி மட்டும் இன்னும் தெரியவில்லை.