கிழக்கு மூலையில் நிற்காத கன்றுகள்

பொய் சொல்லிவிட்டு ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க எனக்குத் துணிவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

1999 ஒக்டோபர். கனடாவில், மார்க்கம் நகருக்கு வடக்கே, கைவிடப்பட்ட சோளவயல் ஒன்றில் பழையபடி காடு வளர்க்கும் வேலை. மேப்பிளும் ஓக்கும் நட்டோம். அந்த மரங்கள் இழுத்துக்கொள்ளும் கரியைக் கணக்குப் பார்த்து, புகை கக்கும் ஆலைகளுக்குக் கார்பன் கிரெடிட் என்று விற்பார்களாம்.

“உவங்கள் காத்தையும் விக்கிறாங்கள், தம்பி,” என்று சிரிப்பார் என்னோடு நட்ட தியாகலிங்கம் அண்ணை. தன் பிளாஸ்கிலிருந்து முதல் தேநீரை எனக்குத்தான் ஊற்றுவார்.

கிழக்கு மூலையில் மட்டும் கன்றுகள் நிற்கவில்லை. காலையில் போனால் பிடுங்கிக் கிடக்கும். திரும்ப நட்டால், மறுநாளும்... மான் என்றால் கடித்திருக்கும். இவை வேரில் ஈரமண்ணோடு, வரிசையாக, காயாதபடி இலைகளால் மூடப்பட்டுக் கிடந்தன.

ஊரில் புகையிலைக் கன்றைப் பிடுங்கினால் அப்படித்தான் வைப்போம். அண்ணை புகையிலைத் தோட்டக்காரர்.

சூப்பர்வைசர் றிச்சர்ட்டும் எங்கள் ஊரவன். அவனுக்கும் அது தெரியும்.

“ஒரு கண்டுக்கு இவ்வளவெண்டுதானே கூலி? பிடுங்கினால் திரும்ப நடலாம். கிழவன் விளையாடுது. நாளையோட நிப்பாட்டப் போறன்.”

அண்ணையின் மனைவி கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். வேலை போனால் ஸ்பொன்சரும் போய்விடும்.

“ஒரு பின்னேரம் பொறு. நான் பாக்கிறன்,” என்றேன்.

எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அந்தத் தேநீர்...

மறுநாள் மாலை ஆறரை. இருள் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணை எங்களைக் கொண்டுவந்த வான் வண்டிக்குள் இருந்தார். உள்விளக்கில் அவர் தலை தெரிந்தது. நான் மூலைக்கு நடந்தேன். காற்றே இல்லை.

சர்ர்க்...

ஈரமண்ணிலிருந்து வேர் உருவும் சத்தம்.

வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணை அசையவில்லை.

என் முன்னால் ஓர் ஓக் கன்று மெல்ல மேலெழுந்தது. சாய்ந்தது. ஓர் இலை ஊர்ந்து வந்து வேரை மூடியது. பிறகு இன்னொன்று...

“ஆரது?”



ஓர் அடி எடுத்து வைத்தேன்.

கணுக்காலை ஒரு கை பிடித்தது.

குளிர். ஈரம். ஐந்து விரல்கள்.

பின்னால் இழுத்தது.

விழுந்தேன்.

“அண்ணை...!”

ஓடிவந்தார். என் காலில் சேற்று விரல்கள் பதிந்திருந்தன. தன் தொப்பியைக் கழற்றித் துடைத்துவிட்டார். “எழும்பு. இஞ்ச நிக்கவேண்டாம்.”

மறுநாள் நடந்ததைக் கேட்டு றிச்சர்ட் சிரித்தான். “இப்ப பேயும் கூலிக்கு வருதோ?” அண்ணையை நிறுத்துவதென்றால் முதலில் அந்த இடத்தைத் தோண்டு என்று பிடிவாதமாக நின்றேன். இயந்திரம் வந்தது. முதல் அள்ளலிலேயே, மெல்லிய மண்ணின் கீழே, உக்கிய பலகைகள். அவற்றின் கீழே ஒரு பழைய பண்ணைக் கிணறு. நான் அடுத்த அடியை வைத்திருக்கக்கூடிய இடம்.

றிச்சர்ட் எல்லோர் முன்னிலையிலும் அண்ணையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். வசந்தத்தில் அண்ணையின் மனைவி வந்து சேர்ந்தார். என்னை இழுத்தது யாராயினும் அது ஒரு நன்மையே. அந்த ஆன்மாவுக்காகத் தினமும் செபிக்கிறேன்.

கிணற்றடியில் எலும்புகள் கிடந்ததாகப் பொலிஸ் சொன்னது. மிகப் பழையவை. ஒரே ஆளுடையவை. பலகைகள் எங்கும் உடைந்திருக்கவில்லை. எலும்புகள் முழுமையாக இருந்தன...

வலது கையைத் தவிர.