மார்லீன் போட்ட ‘இல்லை’

மார்லீன் ஃபுர்டாடோவுக்கு நெருப்பென்றால் பயமில்லை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துக் குரோட்டன் கப்பல் தளத்தில் பதினோரு வருஷமாகக் குழாய்களுக்கு வெல்டிங் வைக்கிறாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலும் அவள் வைத்த இணைப்பில் குறை சொல்ல முடியாது. அப்பேர்ப்பட்டவளை ஒரு படிவம் படுத்தி எடுத்துவிட்டது.

வெளிப்பட்டறையை மூடப் போகிறார்கள். இனி கடற்படை நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ளே மட்டும்தான் வேலை. உள்ளே போக அரசின் பாதுகாப்பு அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். படிவத்தில் ஒரு கேள்வி: வாழ்நாளில் எப்போதாவது உங்கள்மேல் பெருங்குற்ற வழக்குப் போட்டதுண்டா? மார்லீன் ‘இல்லை’ என்று குறித்தாள்.

உண்டு. பத்தொன்பது வயதில், அப்போதைய காதலனோடு, குளிர்காலத்தில் பூட்டிக் கிடந்த கடற்கரை வீடொன்றை உடைத்துப் படகு மோட்டாரைத் தூக்கினாள். முதல் குற்றம் என்பதால் நீதிமன்றம் இரண்டு வருஷம் கண்காணித்துவிட்டு வழக்குப் பதிவையே அழித்தது. “சட்டப்படி நீ கைதே ஆகலம்மா. சத்தியம் பண்ணியே சொல்லலாம்” என்றார் வக்கீல். கனெக்டிகட்டில் அது சரிதான். படிவம் வந்ததோ வாஷிங்டனிலிருந்து. அழித்த வழக்கையும் எழுதவும் என்று கேள்விக்கு மேலேயே பொடி எழுத்தில் இருந்தது. அதை யார் படித்தார்கள்?

அழித்ததையும் எழுத வேண்டும், மறைத்தால் வேலை போகும் என்பது மதியச் சாப்பாட்டில் டாட்டி சொல்லித்தான் தெரிந்தது. டாட்டி பெயின்ட் பிரிவுக்காரி, ஊர் வாய்.

“கஞ்சா அடிச்சேன்னு எழுதினான் பாரு வெர்னன், அவன் இன்னும் இங்கதான் இருக்கான். மறைச்சவன்தான் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிட்டு வெளிய போனான். திருடினதுக்குக்கூட மன்னிப்பு உண்டுடி, பொய்க்குக் கிடையாது.”

மார்லீன் பாதி ரொட்டியைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடினாள். அனுமதிக்கான நேர் விசாரணை வியாழக்கிழமை.

கணவன் கில்லிடம் சொன்னாள். அவன் முட்டைக்கோஸ் சூப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அழிச்சதை எவன் தோண்டப் போறான்? வாயை மூடிக்கிட்டு இரு, மார்லி. சும்மா கெடக்குற சங்கை ஊதிக் கெடுக்காத.”

வியாழனன்று சின்ன அறையில் ஹால்ஸ்டெட் என்ற அதிகாரி படிவத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள். அவர் கைக்கடியில் ஒரு காகித உறை. அதில் என்ன இருக்கிறதோ! அவருக்கு எல்லாம் தெரியுமோ, ஒன்றுமே தெரியாதோ. இரண்டுமே பயமாக இருந்தது. போலீஸ் பகுதி வருவதற்கு நாலு பக்கம் இருக்கும்போது அவளால் தாங்க முடியவில்லை.

“சார், கொஞ்சம் நிறுத்துங்க. ஒரு எடத்துல ‘இல்லை’ன்னு தப்பாப் போட்டுட்டேன்.”

எல்லாவற்றையும் கொட்டினாள். கடற்கரை வீடு, மோட்டார், வக்கீல், படிக்காத பொடி எழுத்து. அவர் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவளுடைய பத்தொன்பது வயது விரல் ரேகை. மாநிலம் அழித்துவிட்டது, வாஷிங்டன் ஏட்டில் அப்படியே இருந்தது.

“நான் கேக்குறதுக்கு முன்னால நீங்களே சொன்னீங்கன்னு எழுதிக்கிறேன். முடிவெடுக்குறது நான் இல்ல, மேடம்.” பேனாவை நிறுத்தினார். “இது யார் யாருக்குத் தெரியும்?”

“என் புருஷனுக்கு.”

“பிள்ளைங்களுக்கு?”

“ஒரே பொண்ணு. தெரியாது.”

“பொண்ணுகிட்ட சொல்லிருவேன்னு நாளைக்கு எவனாவது மிரட்டினா?”

கப்பல் ரகசியத்தைக் கொடுத்துவிடுவீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

அனுமதி ஐந்து மாதம் கழித்து வந்தது. விசாரணை முடிந்த அன்றைக்கு அது அவளுக்குத் தெரியாது. கார் நிறுத்துமிடத்தில், பூட்டிய காருக்குள் உட்கார்ந்து, பாஸ்டனில் செவிலியர் படிப்பு படிக்கும் மகள் டீனாவுக்குப் போன் போட்டாள்.

“என்னம்மா இந்த நேரத்துல? அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?”

“அப்பா நல்லாத்தான் இருக்காரு. டீனா, வச்சிராத, கடைசி வரைக்கும் கேளு. உன் வயசுல எனக்குப் போலீஸ் விலங்கு மாட்டிச்சு.”