பெட்டி அண்ணனின் இடது மோதிர விரல்

கண்ணாடிப் பட்டறையில் ஓர் ஆள் செத்துப்போனதும் இரண்டு ஆட்கள் வேலைக்கு வருவது நின்றுவிட்டது என்று ஒரு பேச்சு. அது பட்டறை வாசல் டீக்கடைக்கு வருவதற்குள், செத்தவர் இத்தனை வருடமாக இல்லாத ஆள் ஒருவனைக் கணக்கில் உண்டாக்கி அவன் சம்பளத்தையும் சேர்த்துச் சாப்பிட்டார் என்று வளர்ந்துவிட்டது. முடிவெட்டும் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அந்த இல்லாத ஆளுக்கு ஒரு பெண்டாட்டியும் கிடைத்திருந்தாள்.

விசாரிக்காமல் ஒரு மனிதனை இல்லை என்று சொல்லிவிடுவது மரியாதை இல்லை. விசாரித்ததில், இல்லாத ஆள் இருக்கிறார். பட்டறைக்குப் பின்தெருவில், மாடிப்படியின் கைப்பிடி ஆடும் வீட்டில், முதல் மாடியில் இருக்கிறார். பெண்டாட்டி விஷயமும் உண்மைதான். ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பத்து விரல்களையும் வெளிச்சத்தில் விரித்து, விதைத்தது முளைத்துவிட்டதா என்று வயலைப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். முளைக்காது என்று அவருக்குத் தெரியும். பார்க்கச் சொல்லி உத்தரவு, அதனால் பார்த்தார்.

பட்டறையில் அவருக்கு மொழுக்கர் என்று பெயர். காரணப் பெயர். அவர் விரல் நுனிகளில் ரேகை கிடையாது. தேய்ந்துபோனதில்லை, பிறந்ததிலிருந்தே கிடையாது. பத்தும் சோப்புத் துண்டு மாதிரி வழவழவென்று இருக்கும். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். பத்திரத்தில் கட்டைவிரல் வைக்கப் போனால் எழுத்தர் திட்டுவாராம், மையை ஏன்யா இப்படி அப்புகிறாய் என்று. அப்பா மறுபடி வைப்பார். மறுபடியும் வெறும் மைத்திட்டுதான் விழும். எழுத்தர் அலுத்துப்போய்க் கையெழுத்தே போடக் கற்றுக்கொள் என்று விரட்டிவிட்டார். ஊரில் அப்பாதான் முதலில் கையெழுத்துப் போடக் கற்றவர் என்ற பெருமை இப்படி வந்தது.

மகனுக்கு எழுத்தர் விதித்ததைவிட நல்ல இடம் வாய்த்தது. ரசம் பூசி, பின்பக்கம் பெயின்ட் அடித்து, கழுவி, காய்ந்து வரும் கண்ணாடியைக் கடைசியாகத் துடைத்துத் தாளில் சுற்றும் மேசை. அங்கே மனிதக் கைதான் எதிரி. ஒரு கட்டைவிரல் தடம் போதும், சரக்கு திரும்பி வந்துவிடும். மற்றவர்கள் கையுறை போட்டுக்கொள்வார்கள். உள்ளே வியர்க்கும், பஞ்சு ஒட்டும், பிடி நழுவும். மொழுக்கர் வெறுங்கையால் எடுப்பார், வைப்பார். அவர் தொட்டதற்கு அடையாளமே இருக்காது. பழைய முதலாளி வாடிக்கையாளர்களைக் கூட்டிவந்து, ஆளுயரக் கண்ணாடியில் அவரைக் கை வைக்கச் சொல்லி வேடிக்கை காட்டுவார். புது பிளாஸ்டிக் பையைப் பிரிக்க முடியாமல் வீட்டில் பெண்டாட்டியிடம் நீட்டுகிற கைதான், பட்டறையில் ராஜா கை.

அப்புறம் முதலாளி போய் நிர்வாகம் வந்தது. நிர்வாகம் வந்தால் இயந்திரம் வரும். வாசலில் ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டி, விரல் வைத்தால்தான் வந்ததாகக் கணக்கு என்றார்கள். மொழுக்கர் வைத்தார். மீண்டும் முயற்சிக்கவும் என்றாள் பெட்டிக்குள்ளிருந்து பேசும் பெண். பத்து விரலும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. கால் கட்டைவிரலை வைக்கலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. இயந்திரம் மாட்ட வந்தவர்கள் கையேட்டைப் புரட்டிவிட்டு, விரலே இல்லாதவர்களுக்கு ஒரு பொத்தான் இருக்கிறது, விரல் இருந்தும் ரேகை இல்லாதவர்களுக்கு இல்லை என்றார்கள்.

"அப்ப ஒண்ணு பண்ணு. பத்தையும் வெட்டிட்டு வா. வேலை நிரந்தரம்" என்றார் பெட்டி அண்ணன்.

பெட்டி அண்ணன் என்பவர் கண்ணாடிகளுக்கு மரப்பெட்டி அடிக்கிறவர். மொழுக்கரைத் தினமும் தன் ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றி வருகிறவரும் அவர்தான். சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. பசியில் இருந்த மேஸ்திரி, யாராவது ஒரு விரல் குடுங்கப்பா, டாக்டரைப் பார்த்துட்டு வர்ற வரைக்கும்தானே என்றார். பெட்டி அண்ணனின் வலது கட்டைவிரல் ஏற்கெனவே அவர் பெயரில் பதிவாகியிருந்தது. இடது மோதிர விரல் சும்மா இருந்தது. அதை நீட்டினார். இயந்திரத்துக்குள் அது மொழுக்கர் ஆனது.

தோல் டாக்டரிடமும் பெட்டி அண்ணன்தான் கூட்டிப் போனார். டாக்டரம்மா ரத்தத்தை எங்கோ அனுப்பிப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். உடம்பை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு ஒவ்வொரு செல்லிலும் எழுதியிருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்காகப் படி எடுக்கும்போது சில சமயம் ஓர் எழுத்து மாறிவிடும். பெரும்பாலான மாற்றங்கள் இருப்பதே தெரியாது. சில கெடுதல் செய்யும், சில உதவும். குழந்தை கருவில் இருக்கும்போதே விரல் தோலில் மேடும் பள்ளமுமாக ரேகை விழ வேண்டும். மொழுக்கர் குடும்பத்தில் அந்த வேலைக்கான வரியில் ஓர் எழுத்து மாறிக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு வருவது பாதிக்குப் பாதி. இனி மருந்து போட்டு ரேகை வரவைக்க முடியாது.

மொழுக்கர் இது நோயா என்று கேட்டார். நோய் என்று சொல்ல முடியாது, எல்லாம் இருக்கிற இடத்தைப் பொறுத்தது என்றார் டாக்டரம்மா. பனியில் வெள்ளை முயலாகப் பிறந்தால் பிழைத்துக்கொள்ளும், அதே முயலைப் பச்சைப் புல்லில் விட்டால் பருந்து தூக்கிவிடும். முயலில் மாற்றமில்லை, தரைதான் மாறியது.

படியிறங்கும்போது பெட்டி அண்ணன் சொன்னார்: "மேசைகிட்ட நீ பனி முயல். வாசல்ல புல் முயல். வாசலை நான் பாத்துக்கறேன், விடு."

அன்றிலிருந்து காலையில் ஒரு விரல் தனக்கு, ஒரு விரல் தம்பிக்கு. சாயந்தரமும் அப்படியே. தற்காலிக ஏற்பாடுகளுக்கு ஆயுள் அதிகம். மொழுக்கருக்குக் காய்ச்சல் வந்த நாள்களிலும் விரல் தவறாமல் வந்துவிட, ஒருவர் படுத்தால் இருவரும் லீவு என்று பிறகு பேசிக்கொண்டார்கள். இதற்கெல்லாம் பெட்டி அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. வீட்டில் சவரம் செய்ய, கழிவுத் துண்டில் உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்று, கன்னத்தைக் கிழிக்காமல் ஓரம் மழுக்கி. மொழுக்கர் நல்ல துண்டாகப் பார்த்து, மார்க்கரால் வட்டம் போட்டு, மேசைக்குப் பின்னால் சுவரோரம் சாய்த்துவைத்தார். நாளைக்கு நாளைக்கு என்று வருடக்கணக்கில் அது அங்கேயே நின்றது. பெட்டி அண்ணன் ஸ்கூட்டர் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டு, ஒரு பக்க மீசை ஏறி இறங்க, பட்டறைக்கு வந்துகொண்டிருந்தார்.

"உன் கண்ணாடி வர்றதுக்குள்ள எனக்குத் தாடியே நரைச்சிடும்டா."

நரைத்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல் தேய்த்துக்கொண்டே இருந்தவர் உட்கார்ந்தார், சாய்ந்தார். அவ்வளவுதான்.

மொழுக்கர் அழவில்லை. அண்ணியும் மகளும் அழுததை, மழை பெய்வதை ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கிடத்தியிருந்தவரின் இடது கையை மட்டும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பாசத்தைப் பாருங்கள் என்று நாலு பேர் கண் கலங்கினார்கள். மொழுக்கர் மோதிர விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மெல்லிய சுழி, நடுவில் ஆணி கிழித்த பழைய தழும்பு. இத்தனை வருடத்தில் தன் ரேகையை அவர் பார்த்தது அன்றுதான்.

அடுத்த நாள் நடந்தே பட்டறைக்குப் போனார். மீண்டும் முயற்சிக்கவும் என்றாள். பக்கத்தில் பெட்டி அண்ணன் பெயரும் வராதவர் பட்டியலில் இருந்தது. இருவருக்கும் ஒரே சிவப்பு.

பணியாளர் அதிகாரி வயதில் சின்னவர், கணக்கில் கெட்டிக்காரர். இரண்டு பேர் வருகிற நிமிடம் ஒன்று, போகிற நிமிடம் ஒன்று, லீவும் ஒன்று. ஒருவர் செத்ததும் மற்றவரும் நின்றுவிட்டார். ஆகவே இரண்டாவது ஆள் கிடையாது, செத்தவரின் மோசடி என்று முடிவுகட்டிவிட்டு, எதிரே நின்ற மொழுக்கரைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டார். மேஸ்திரியைக் கேட்டதற்கு, அவர் மின்விசிறி எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்பதில் கவனமாக இருந்தார்.

அந்த அறையில்தான் மொழுக்கருக்கு விஷயம் புரிந்தது. பெட்டி அண்ணனின் மகளுக்கு அப்பா வேலையைத் தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அப்பா பெயரில் கறை இருந்தால் அது இல்லை. தனக்குப் பிறவியிலேயே ரேகை இல்லை என்று டாக்டரம்மாவிடம் ஒரு வரி எழுதி வாங்கிவந்தால், தான் இருக்கிற ஆள் என்று நிரூபித்துவிடலாம். அப்படியானால் இத்தனை நாள் வைத்த விரல் யாருடையது என்ற கேள்வி வரும். அதற்கு ஒரே பதில்தான். அவர் இருப்பது உறுதியாக வேண்டுமானால் அண்ணன் திருடர் ஆக வேண்டும்.

வலிக்கும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் வலிக்கவில்லை. வேறு யாரோ பேசுவதுபோலத் தன் குரலைக் கேட்டார்.

"போன வாரம் வரைக்கும் ரேகை இருந்துச்சு சார். பாலிஷ் பவுடர்ல தேஞ்சுபோச்சு. அண்ணன் வண்டியிலதான் வருவேன், அதான் ஒரே நேரம்."

அதிகாரி கம்பெனி டாக்டரைக் கூப்பிட்டார். அவர் பவுடரில் ரேகை தேய்வது உண்டுதான், வேலையை விட்டு விலகியிருந்தால் இரண்டு வாரத்தில் திரும்ப வரும் என்றார். வந்ததும் இயந்திரத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் முடிந்தது. அதுவரை சம்பளமில்லாத ஓய்வு, விசாரணை நிலுவை. மோசடி நிரூபணமாகாததால் மகளின் வேலைக்குத் தடையில்லை. எல்லோருக்கும் திருப்தி.

இப்படியாகத்தான் அவர் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து விரல் பார்த்தார். பெண்டாட்டி சும்மா இருக்கவில்லை. "அந்த டாக்டரம்மாகிட்ட ஒரு நடை போய்ட்டு வாங்களேன். ஒரே ஒரு வரி. என்ன குறைஞ்சிடப்போறீங்க?" என்று காலையில் ஒரு தரம், விளக்குப் போடும்போது ஒரு தரம் கேட்டாள். அவர் சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறது என்றார். வெளியூரில் இருக்கும் மகன் போனில் சத்தம் போட்டான். அவன் பாதிக்குப் பாதியில் தப்பியவன், பத்து விரலிலும் ரேகை உள்ளவன், கோபப்பட வசதியானவன். மொழுக்கர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

கெடு முடிந்து போனபோது கம்பெனி டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வயதானால் தாமதமாகும், இன்னும் இரண்டு வாரம் பாருங்கள், தேங்காய் எண்ணெய் போடுங்கள் என்றார். மொழுக்கர் போட்டார். ஏற்கெனவே வழுக்கும் டம்ளர் இப்போது இன்னும் நன்றாக வழுக்கியது.

அந்த வாரம் பெட்டி அண்ணன் மகள் பட்டறையில் சேர்ந்தாள். முதல் நாள் முடிந்து நேராக மாடியேறி வந்தாள். பெட்டிப் பிரிவில்லையாம், துடைக்கிற மேசையாம், அவருடைய இடம்தான். கையுறையில் வியர்த்து விரல்கள் ஊறிப்போயிருந்தன. மொழுக்கரின் பெண்டாட்டி காப்பி வைக்க உள்ளே போனாள். பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சித்தப்பா, அப்பா எல்லாம் சொல்லியிருக்கார். என் கட்டைவிரலை மட்டும்தான் எடுத்தாங்க. மோதிர விரல் சும்மாத்தான் இருக்கு. டாக்டர்கிட்ட ரேகை வந்துடுச்சுன்னு சொல்லுங்க. தேஞ்சு வந்த ரேகைங்கறதால பழசோட ஒப்பிடாம புதுசாத்தான் பதிவாங்களாம். அப்ப நான் பக்கத்துல நிக்கறேன், மேஸ்திரி வேற பக்கம் பாப்பாராம்."

அப்பா மாதிரியேதான் நீட்டினாள், இடது கையை. சுழி அப்படியே இருந்ததா என்று அவர் பார்க்கவில்லை. பார்க்கிற அளவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்தக் கையை மெதுவாக மடக்கி, அவள் மடியிலேயே வைத்தார்.

"வேணாம்மா. உங்கப்பா விரலுக்கே இன்னும் பாக்கி இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. பணமா என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு, மேசைக்குப் பின்னால் சுவரோரம் ஒரு கண்ணாடித் துண்டு சாய்த்திருக்குமே, பார்த்தாயா என்று கேட்டார்.

"ஆமா, மார்க்கர்ல வட்டம் போட்டது. குப்பையில போடலாமான்னு மேஸ்திரி கேட்டார். யாருதுன்னு தெரியலைன்னு அங்கேயே வச்சிட்டேன்."

மொழுக்கர் சரி என்றார். காப்பி வந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.