நாவற்பழக் கருவாடு

திருவிடந்தையில் ஒருத்தி சுட்டுக்கொடுத்த ஏதோ ஒரு பண்டத்தைத் தின்று, ஒரு வெள்ளைக்காரன் நாக்கு நீலமாகிச் செங்கல்பட்டில் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறான் என்று என் கடைப் பையன் வரதன் சொன்னான். வரதனுக்குச் சொன்னது கோவளத்து டீக்கடை. டீக்கடைக்குச் சொன்னது பஸ் கண்டக்டர். கண்டக்டர் அந்த வெள்ளைக்காரனை நேரில் பார்த்தவர். நாக்கை மட்டும் பார்க்கவில்லை.

"வாயத் தொறந்தாதான அண்ணாத்த பாக்கறதுக்கு? டிக்கிட்டு கேட்டதுக்கே தொறக்கலியாம். வெஷம் உள்ள எறங்கிகினு கீது" என்றான் வரதன், நேரில் நின்றவனைப் போல.

நான் பினாங்கிலிருந்து வந்து கோவளத்தில் நைலான் வலைநூல் விற்பவன். கொதிக்காத தண்ணீரைக் கண்ணால் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். கையில் இருப்பதோ வெளிநாட்டு பாஸ்போர்ட். போலீஸ் விசாரணை என்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அந்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாடு அதே ஒருத்தியின் கையால்தான் சாப்பிட்டிருந்தேன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்த்தேன். வழக்கமான நிறம். இருந்தாலும் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு திருவிடந்தைக்கு பஸ் ஏறினேன்.

அந்த ஒருத்தி, ஆதியம்மாள், தான் சமைக்கும் விடுதியின் பின்பக்கம் குந்தியிருந்தாள். இடது கையில் ஈரக் கடல்மணல். வலது கையில் டால்டா போட்டுப் பிசிறிய மைதா மாவு. இரண்டையும் ஒரே நேரத்தில் விரலிடுக்கில் உதிரவிட்டு, எது எப்படி விழுகிறது என்று மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் நிழல் விழுந்ததும் தலையைத் தூக்காமல், "வெளிச்சத்த மறைக்காத அண்ணாத்த" என்றாள்.

வெள்ளைக்காரனைப் பற்றிக் கேட்டேன்.

"அவனா? காலைல எட்டு இட்லி துன்னுட்டு ரயிலுக்குப் போனான். நவாப்பழம் துன்னா நாக்கு நீலமாவாம வேற இன்னா ஆவும்? சின்ன வயசுல நீ நவாப்பழமே துன்னதில்லியா?"

பினாங்கில் தின்றதில்லை என்றேன்.

"அதான் மொகத்துல ஒரு களையும் இல்ல."

இப்படித்தான் ஆதியம்மாளுடைய 'கெரம்புளு'க்கு, அதாவது கிரம்பிள் என்ற இங்கிலீஷ்காரர் பண்டத்துக்கு, நான் அறிமுகமானேன்.

அது அவள் கண்டுபிடித்த பண்டம் அல்ல. ஆனி மாதம் ஹெலன் என்றொரு வெள்ளைக்காரி மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க வந்து இந்த விடுதியில் தங்கியிருக்கிறாள். பெட்டியில் ஒரு டின் கொண்டுவந்திருந்தாள். உள்ளே குண்டுமணியைவிடச் சற்றே பெரிதாக, நீல நிறத்தில் சிறுசிறு பழங்கள். அவற்றை ஒரு பாத்திரத்தில் கொட்டி, மேலே மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த உதிரியைத் தூவி, மேலும் கீழும் நெருப்பு வைத்துச் சுட்டாள். கீழே பழம் பாகாகக் கொதிக்க, மேலே மாவு மொறுமொறுவென்று சிவக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. மாவு எந்தப் பதத்தில் உதிர வேண்டும் என்று சொல்லத் தெரியாமல், ஆதியம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கடலோரம் நிறுத்தி, ஈர மணலை அள்ளி உதிர்த்துக் காட்டியிருக்கிறாள்.

"அவ பாஷ அவளுக்கு, எம் பாஷ எனக்கு. மணலு ரெண்டு பேருக்கும் பொதுதான?" என்பாள் ஆதியம்மாள்.

அன்றிலிருந்து மணல் இல்லாமல் அவள் மாவு பிசைந்ததில்லை. அதிலும் குப்பத்துப் பக்கத்து மணல் நைசு, ஆகாது; கோயிலுக்கு நேர்கிழக்கே அலை வந்து திரும்பும் இடத்து மணல்தான் வேண்டும். ஒரு முறை என் பல்லில் ஏதோ நறநறத்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன்.

"மணலு இல்ல. சக்கர கரையல" என்றாள்.

எந்தக் கையில் எது இருந்தது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இத்தனை பாடும் எதற்கு என்றால், விடுதியின் சமையலறைக்காக. நாலு அறை கொண்ட அந்த விடுதி செங்கல்பட்டில் மரவாடி வைத்திருக்கும் சிவப்பிரகாசத்துக்குச் சொந்தம். வருகிறவர்களைவிட வராதவர்களே அதிகம். ஹெலன் போகும்போது அவரிடம், மார்கழியில் சிநேகிதர்கள் கூட்டத்தோடு வருவதாகவும் ஒரு மாதம் தங்குவதாகவும் சொல்லியிருக்கிறாள். ஒரே நிபந்தனை: கிறிஸ்துமஸ் அன்று அவள் அம்மா செய்கிற மாதிரி இந்தப் பண்டம் மேசைக்கு வர வேண்டும். முடியாது என்றால் கோவளத்துப் பெரிய ஓட்டலுக்குப் போய்விடுவாள். அந்தக் கூட்டமும் வராவிட்டால், சிவப்பிரகாசம் சமையலறையை மூடிக் கட்டடத்தை இறாலுக்கு ஐஸ் போடும் ஒருவருக்கு வாடகைக்கு விடுவதாக இருந்தார். அப்புறம் ஆதியம்மாள் மறுபடியும் மீன்கூடை தூக்க வேண்டியதுதான்.

அவள் கூடையை இறக்கி வைத்து நாளாகிவிட்டது. அவளுடைய கழுத்துக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்பமாட்டாள். உடம்பு மொத்தமாகத் திரும்பும். குனிய மாட்டாள், குந்துவாள். பழைய கூடையைச் சமையலறைச் சுவரில், அடுப்புக்கு எதிரே, ஆணியில் கவிழ்த்து மாட்டியிருந்தாள். அதில் வெங்காயம்கூடப் போட விடமாட்டாள். எரித்துவிடலாமே என்றேன் ஒரு நாள்.

"வேணாம். எதிர்ல கீட்டும். அத்தப் பாத்துகினே செஞ்சாதான் சாம்பாரு நல்லா வருது."

அடுப்பு அவளே கட்டியது. பெரிய தகர டின், அடியில் நாலு விரல்கடை மணல், மூடியின் மேல் கொட்டாங்கச்சித் தணல். அந்த அடுப்புக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே பண்டம் வேகும்போது யாரும் 'ஆச்சா?' என்று கேட்கக்கூடாது. கடலுக்குக் கிளம்புகிறவனைப் பார்த்து 'எங்க போற?' என்று கேட்கக்கூடாது என்பது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்தது. கேட்டுவிட்டால் போச்சு, அவள் புருஷன் எல்லப்பன், யாரோ ஒருவன் தன்னை அப்படிக் கேட்ட பாவத்துக்காகக் கட்டுமரத்தைத் திரும்பக் கரையேற்றிவிட்டு, கேட்டவன் வீட்டு வாசலிலேயே குந்தி பீடி பிடித்தவன். ஆதியம்மாள் அந்த வழக்கத்தை அப்படியே தகர டின்னுக்கும் வைத்துவிட்டாள்.

சிவப்பிரகாசம் படித்தவர், சிரித்தார். முதல் தடவை பண்டம் உள்ளே இருக்கும்போது வாசற்படியில் நின்று, "என்னம்மா, ஆச்சா?" என்று வேண்டுமென்றே கேட்டார். மூடியைத் திறந்தபோது நடுவில் ஆழமாக ஒரு குழி விழுந்திருந்தது.

"கெணறு வெட்டிட்டியே ஐயா!" என்று ஆதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

டால்டா அதிகமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சிவப்பிரகாசமோ அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அந்த வீட்டில் உச்சரிக்கவில்லை. காபி ஆயிற்றா என்பதைக்கூடச் சைகையில்தான் கேட்பார்.

ஹெலனின் டின் பழம் இங்கே கிடைக்காததால் ஆதியம்மாள் நாவற்பழத்தைப் பிடித்திருந்தாள்; புதுப் பழத்தில் பண்டம் ஓரளவு படிந்து வந்தது. அந்த வெள்ளைக்காரன் தின்றதும், ஊரெல்லாம் விஷமாகிப் பரவியதும் அந்த நாட்களில்தான். ஆனால் ஆவணி பிறந்ததும் மரத்தில் பழம் இல்லை. ஹெலன் வருவதோ மார்கழியில். இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கையைப் பிசைந்திருப்பார்கள். ஆதியம்மாள் பிசையவில்லை. சீசன் முடிவதற்குள் படாளத்தில் ஒரு தோப்புக்குப் போய், உதிர்ந்ததையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றையும் பிளந்து, கொட்டையை எடுத்து, உப்புத் தடவி, கடலோரம் நெத்திலிக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் காயப்போட்டாள்.

"ஆதிம்மா, பழத்துக்கு உப்பு எதற்கு?"

"உப்பு போடலன்னா புழுக்காதா? இன்னா அண்ணாத்த, கருவாடே பாத்ததில்லியா நீ?"

எல்லப்பன் வலை பிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "கேளு, கேளு. பொங்கலுக்கு வாழப்பழக் கருவாடு போடப் போறா. அத்த வித்துதான் எனக்குப் புதுக் கட்டுமரம் வாங்கித் தரப்போறா."

"நீ வலயப் பாரு. அதுல கீற பொத்தல்ல ஒரு சொறாவே பூந்து போவுது" என்றாள் அவள்.

மார்கழி பிறந்ததும் சோதனைகள் தொடங்கின. பினாங்கில் அந்த மாதிரி டின் பழம் தின்ற நாக்கு இந்தக் கரையில் எனக்கு மட்டும்தான் உண்டு என்பதால், ருசி பார்க்கும் உத்தியோகம் என் தலையில் விழுந்தது. சட்டைப்பையில் மாத்திரையோடு போவேன். முதல் தடவை, இனிப்பான கருவாடு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். ஆதியம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை கருவாட்டுக்குச் செய்வதுபோலவே பழத்தை அரிசி களைந்த தண்ணீரில் ஊறப்போட்டாள். உப்பு போயிற்று. நெத்திலி வாசனை போகவில்லை. விடுதிப் பூனை தகர டின்னுக்கு எதிரே வந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு, சாமி கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்துவிட்டது.

"கொழம்பா கேக்கா, ஒண்ணு சொல்லிடு. நான் சோத்துக்குக் குந்தறதா வேணாமா?" என்றான் எல்லப்பன்.

ஆதியம்மாள் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் என்னுடைய உத்தியோகம் பூனைக்குப் போய்விட்டது. அது எழுந்து போனால் பண்டம் தேறியது, உட்கார்ந்திருந்தால் தேறவில்லை. என் வயிற்றுக்கு இது பெரிய விடுதலை. ஆனாலும் ஒரு பூனை என் இடத்துக்கு வந்ததில் லேசாக வருத்தம்தான்.

கடைசியாக ஒரு பிடி பழம் மிஞ்சியது. அதற்குள் ஹெலன் சென்னைக்கு வந்துவிட்டாள். சிவப்பிரகாசத்திடம் போனில் பேசியிருந்தாள்: வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிடுவேன், அந்தப் பண்டம் தயாரா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள், பதில் இல்லையென்றால் கோவளத்தில் அறை பிடித்துவிடுவேன். சிவப்பிரகாசமும் ஆதியம்மாளிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"சாப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் சரின்னு சொல்லுவேன். விருந்தாளி வாயில கருவாட்டைப் போட்டு அனுப்பற மானக்கேடு எனக்கு வேண்டாம்மா."

வெள்ளிக்கிழமை காலையிலேயே செங்கல்பட்டிலிருந்து வந்துவிட்டார். போனில் இங்கிலீஷ் பேச என்னையும் வரச்சொல்லியிருந்தார். அந்தப் போன் அவருடைய பெருமை. சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு ஸ்டூலில், பூப்போட்ட துணி போர்த்தியிருக்கும். வாரத்தில் ஒரு நாள் அடித்தால் அதிசயம். அடித்தாலும் பெரும்பாலும் ராங் நம்பர்தான்.

ஆதியம்மாள் அந்தக் கடைசிப் பிடியை இரவே ஊறப்போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவி, வெல்லப்பாகில் புரட்டி வைத்திருந்தாள். விடியற்காலையிலேயே ஏற்றியிருக்க வேண்டும். பனியில் கொட்டாங்கச்சி நமத்துப்போய், தணல் பிடிக்கவே வெயில் ஏறிவிட்டது. மணலையும் மாவையும் உதிர்த்துப் பார்த்து, தூவி, மூடி, தணலை அள்ளி வைத்தபோது சிவப்பிரகாசம் கடிகாரத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

பூனை வந்து உட்கார்ந்தது.

வெல்லம் கொதிக்கும் வாசனை வந்தது. பிறகு மாவு சிவக்கும் வாசனை. நான் இங்கிலீஷில் சொல்லவேண்டிய இரண்டு வாக்கியங்களை, ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் ஒன்று, மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். பூனை மூக்கைத் தூக்கி மோந்தது. இன்னொரு தரம் மோந்தது. அப்புறம் எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்துவிட்டு, எங்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதது போல வெளியே போய்விட்டது.

ஆதியம்மாள் அது போன வாசலையே பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வரவில்லை. சிரிப்பு வருவதற்கு இடம் மட்டும் விட்டிருந்தாள்.

அப்போது போன் அடித்தது.

"அவங்கதான்! எடுங்க சார், எடுங்க!" என்று சிவப்பிரகாசம் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"அண்ணாத்த, தொடாத!"

நீட்டிய கை அப்படியே நின்றது.

"ஆதிம்மா, எடுக்காவிட்டால் அந்த அம்மா கோவளத்துக்குப் போய்விடுவார்கள்."

"எடுத்தா இன்னா கேப்பா?"

"தயாரா என்று கேட்பார்கள்."

"அத்தத்தான் நானும் சொல்றேன். உள்ள வெந்துகினு கீது. இப்ப கேட்டா கெணறுதான்."

"அவங்க மெட்ராஸ்ல இருக்காங்கம்மா!" சிவப்பிரகாசம் இரண்டு கையையும் விரித்தார். "அங்கேருந்து கேட்டா இங்க எப்படி..."

"நீ வாசப்படிலேந்து கேட்டதுக்கே நடுவுல அமுங்கிச்சி. மெட்ராஸ்லேந்து கேட்டா டின்னோட தரைக்குள்ள பூடும்."

சிவப்பிரகாசம் அடுப்பைப் பார்த்தார், போனைப் பார்த்தார். படித்த மனிதர். ஒரு அடி எடுத்து வைத்தார். அந்தக் கிணறு ஞாபகம் வந்திருக்க வேண்டும், அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மணி விடாமல் அடித்தது.

ஆதியம்மாள் எழுந்தாள். உடம்பு மொத்தமாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது. ஆணியில் இருந்த கூடையை எடுத்தாள். அந்தக் கூடை அவள் கையில் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நேரே ஸ்டூலுக்கு வந்து, பூப்போட்ட துணியோடு சேர்த்துப் போனின் மேல் கவிழ்த்தாள். உள்ளே மணி அடித்துக்கொண்டேயிருந்தது. உயிரோடு துள்ளும் மீனை அமுக்குகிறவளைப் போலக் கூடையின் மேல் ஒரு உள்ளங்கையை விரித்து வைத்து, மறு கையின் சுட்டுவிரலை உதட்டில் வைத்து, எங்கள் இருவரையும் பார்த்தாள்.