பயணியர் பட்டாளம்

பூஞ்சணம் பிடிச்ச புஸ்தக வாசனை... அதோட கொஞ்சம் பூச்சி உருண்டை, கொஞ்சம் சுருட்டு. இன்னைக்கும் அந்த வாசனை மூக்குல ஏறினா படிக்கிற ஆசை வராது எனக்கு. அசதிதான் வரும்.

இலங்கை மலைநாட்டுல, பொகவந்தலாவை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்ல சின்ன கிளாக்கரா சேர்ந்த புதுசு. அறுபதுகளோட ஆரம்பம். எங்க பெரிய தொரை ஒரு காலத்துல பட்டாளத்துல இருந்தவரு. சீமைக்குத் திரும்பிப் போறப்போ, பங்களா புஸ்தகத்தை எல்லாம் ரெண்டு தேயிலைப் பெட்டியில போட்டு ஆபீஸ்ல இறக்கிட்டுப் போயிட்டாரு.

எல்லாமே யுத்தம். எந்த ஜெனரல் எந்தப் பக்கமா வந்தான், எந்த டாங்கி எங்க மாட்டிக்கிச்சு... நடுவுல மடிச்சு வெச்ச மேப்பு. அதுல செவப்பு அம்புக்குறி, நீல அம்புக்குறி.

மழை விடாத ஊரு. சாயங்காலம் ஆபீஸ் மூடினா போக இடம் இல்ல. எடுத்துப் படிச்சேன். நாலு புஸ்தகம் முடியறதுக்குள்ள நானே ஒரு ஜெனரல்னு நெனப்பு வந்துடுச்சு. "அந்த ஆத்தை மேல் பக்கமா கடந்திருக்கணும் சார்"னு பெரிய கிளாக்கருக்கு பாடம் எடுப்பேன். அவரு பாவம், பிஸ்கட்டை டீயில நனைச்சிக்கிட்டே தலையாட்டுவாரு.

சின்ன கிளாக்கருக்கு யுத்தமெல்லாம் அத்துப்படின்னு தோட்டம் பூரா பேச்சு. அப்படித்தான் முத்துக்கருப்பன் என்னைத் தேடி வந்தாரு.

தேயிலைச் செடியை கவ்வாத்து வெட்டுற ஆளு. எங்கப்பா வயசு. ஆனாலும் நான் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். வா, போன்னுதான் பேசுவேன். ஆபீஸ் ஆளுங்க அப்படித்தான் பேசுவோம் அப்போ... இப்போ நெனச்சா கூசுது.

கம்பளியைத் தலையோட போத்திக்கிட்டு ஜன்னலுக்கு வெளிய நின்னாரு.

"ஐயா... பிரஜாவுரிமை விசாரணைக்கு கூப்பிட்டாங்க. விடாம இங்கயே இருந்தவங்களுக்குத்தான் குடுப்பாங்களாம். யுத்த காலத்துல ரெண்டு வருசம் தோட்டத்து செக்ரோல் பதிவுல எம்பேரு இல்லியாம். இந்தியாவுக்கு போயிட்டு வந்திருக்கேன்னு எழுதிட்டாங்க. நான் பொறந்ததே இங்கதாங்க. இந்தியாவ கண்ணால பாத்ததில்ல. பட்டாளத்துக்குல்ல போனேன்..."

"காயிதம் இருக்குமே?"

"லயத்து வீட்டுக் கூரை ஒழுகி கூழாப் போச்சுங்க. பட்டாளத்துப் பேரை சரியா எழுதிக் கேட்டா பதில் வரும்னு பெட்டிசம் எழுதுறவரு சொன்னாரு. அவருக்கும் அந்தப் பேரு புரியல. ஐயாகிட்ட யுத்தப் புஸ்தகம் இருக்காமே... பாத்து சொன்னீங்கன்னா..."

"எந்தப் பட்டாளம்?"

"பயணியர் பட்டாளமுங்க."

பயணியர்னா பாசஞ்சர். எனக்கா தெரியாது? எங்க போய் என்ன சண்டை போட்டேன்னு கேட்டேன்.

"சண்டை எல்லாம் இல்லீங்க. மம்பட்டியும் கூடையும்தான். மணல்ல ரோடு வெட்டினோம், பெட்டி தூக்கினோம். காலையில பெரட்டு... வரிசையா நிக்க வெச்சுப் பேரு கூப்பிடுவாங்க. இங்க மாதிரியேதாங்க."

எனக்கு சப்புனு போச்சு.

ரெண்டு வாரம் தேடினேன். பாசஞ்சர்னு தேடினேன். ஆள் ஏத்தின கப்பல், ரயில், லாரி எல்லாத்தையும் பார்த்தேன். கடைசியில ஜன்னல் வழியாவே தீர்ப்பு சொன்னேன்.

"அப்படி ஒரு பட்டாளமே கெடையாது முத்துக்கருப்பா. உலகத்துலயே இல்ல."

"ஐயா பாத்தா சரியாத்தாங்க இருக்கும். எனக்குத்தான் பேரு மறந்துருச்சோ என்னமோ..." அப்படின்னு கம்பளியை இழுத்து விட்டுக்கிட்டு இறங்கிப் போயிட்டாரு. ரெண்டு வருசம் மண்ணு சுமந்த மனுசன், என் பேச்சைக் கேட்டு தன்னையே சந்தேகப்பட்டாரு.

மனு தள்ளுபடி ஆயிடுச்சு. கொஞ்ச நாள்ல குடும்பத்தோட இந்தியாவுக்குக் கப்பலேற எழுதிக் கொடுத்துட்டாரு.

ஹட்டன் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போயிருந்தேன். டிரங்குப் பெட்டி மேல அவரு சம்சாரம் உக்காந்திருந்தாங்க. அழுது அழுது முகம் வீங்கியிருந்துச்சு. இவரு மட்டும் என்னைப் பார்த்து சிரிச்சாரு.

"பரவாயில்லீங்க ஐயா. அப்பவே நான் பயணியர்தானே. இப்ப நெசமாவே பயணம்."

நல்ல ஜோக்குன்னு நானும் சிரிச்சேன்.

அடுத்த வருஷ மழையில, படிக்க வேற ஒண்ணும் இல்லாம, பெட்டி அடியில கிடந்த தடிப் புஸ்தகத்தை எடுத்தேன். மேப்பும் இல்ல, ஜெனரலும் இல்லன்னு ஒதுக்கி வெச்சது. இந்தக் காலத்து யுத்தத்துல வீரம் எல்லாம் அப்புறம்தான், ரோடும் பெட்ரோலும் சாப்பாடும்தான் ஜெயிக்குதுன்னு பக்கம் பக்கமா எழுதியிருந்துச்சு. தூங்கி வழிஞ்சிக்கிட்டே புரட்டினேன்...

மம்பட்டியும் கூடையுமா மணல்ல ரோடு போட்ட பட்டாளத்தைப் பத்தி ஒரு பாரா. அதுக்குப் பேரு Pioneer.

வாய் விட்டுப் படிச்சேன். பயனியர்... பயனியர்...

அந்த மனுசன் இங்கிலீஷ்லதான் சொல்லியிருக்காரு. இங்கிலீஷ் படிச்ச நான்தான் அதைத் தமிழா கேட்டிருக்கேன்.

அந்தப் பேரை எழுதிக் கேட்டிருந்தா மனு ஜெயிச்சிருக்குமா, தெரியாது. கடுதாசி போடலாம்னா விலாசமும் இல்ல. அங்க எந்த ஊர்ல இறங்கப் போறோம்னு அவருக்கே தெரியாம போனவரு.

இப்போ எனக்கு எண்பது தாண்டிடுச்சு. போன வாரம் போன்ல 'பயணியர் பட்டாளம்'னு தேடினேன். பஸ் டைம் டேபிளும் ரயில் டிக்கெட்டும் வந்துச்சு. இதுக்கும் என் காதுதான் போல.

இங்கிலீஷ்ல அடிச்சேன். ஒரு நொடி... கொட்டுது. அப்போ ரெண்டு பெட்டி புஸ்தகத்துல ரெண்டு வாரமா கெடைக்காதது.

ஒரு போட்டோ. மணல்ல ஆளுங்க வரிசையா நிக்கிறாங்க. பெரட்டுதான். ஒவ்வொரு முகமா பெருசாக்கிப் பார்த்தேன். கண்ணும் சரியா தெரியல, படமும் தெளிவில்ல.

அறுபது வருஷம் கழிச்சு, போனைப் பார்த்து மெதுவா கூப்பிட்டேன்.

"முத்துக்கருப்பய்யா..."